பேசும், கேட்காது

மூணு, ரெண்டு, ஒண்ணு, போச்சு. மறுபடியும் போச்சு. எத்திராஜ் ஸ்பேஸ் பட்டனை அடித்த அடியில் லேப்டாப் மேசைமேல் ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டது. திரையில் ஓடிய எழுத்துகள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவை பாட்டுக்கு வரிவரியாக இறங்கின, எதையோ தேடின, அது கிடைக்காமல் திணறின, திணறிய இடத்திலேயே செத்து முதலிலிருந்து ஆரம்பித்தன. நிறுத்தணும்னா ஏதாவது ஒரு பட்டனைத் தட்டு என்று அதுவேதான் கேட்கிறது. கேட்டுவிட்டு மூன்று விநாடி எண்ணுகிறது. தட்டினால் எவனும் தட்டவில்லை என்பதுபோல் போய்விடுகிறது. இப்படி ஒரு ஜென்மத்தோடு எவன் குடித்தனம் பண்ணுவான். "தட்டிட்டுத்தானடா இருக்கேன்" என்றான் போர்டைப் பார்த்து. வைஃபை ரௌட்டருக்குள்ளிருந்து கழற்றிய, உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் போர்டு, மூலையில் ஒரு விரிசல், நடுவில் நான்கு சின்னத் துளைகள். கம்பெனிக்காரன் தன் வசதிக்காக விட்டுவைத்த வாசல் அந்தத் துளைகள். ரௌட்டர் செத்தாலும் அதன் வழியாகப் பேச்சுக் கொடுக்கலாம். அதற்கு மூன்று வயர் போதும். ஒன்று கிரவுண்டு. இன்னொன்று அது பேசுவதை நமக்குக் கொண்டுவரும். மூன்றாவது நாம் பேசுவதை அதற்குக் கொண்டுபோகும். கொண்டுவருகிற வயர் ஒழுங்காகக் கொண்டுவருகிறது. கொண்டுபோகிற வயர்தான் எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருகிறது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவன். இப்போது மணி இரண்டேகால்.

ரிச்சி தெருவின் பின்சந்தில் முதல் மாடி, பத்துக்குப் பத்து அறை, அவனுடைய ரிப்பேர் கடை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அக்கம்பக்கத்துக் கடைகளெல்லாம் ஷட்டர் போட்டிருந்தன. கீழே தெருவில் மட்டும் பழைய சாமான் பரப்பியவர்களின் கூச்சல், எது எடுத்தாலும் அம்பது, எது எடுத்தாலும் அம்பது. அப்படிக் கத்தித்தான் அவனும் ஆரம்பித்தான், முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், அதே பிளாட்பாரத்தில், சாக்கு விரித்து. எவனும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. ரேடியோ கடை முதலாளி சாலிடரிங் அயனை எடுத்துப் புறங்கையில் ஒரு இழுப்பு இழுத்தார், சூடு எவ்வளவு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டான். ஷாக் அடித்த இடமெல்லாம் கரண்டு இருக்கிற இடம் என்று தெரிந்துகொண்டான். சொன்ன விலைக்கு ஒரு பொருளும் வாங்கியதில்லை இந்த எத்திராஜ். ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைக்க வந்த டாக்டரிடமே, இதைவிடக் குறைச்சலா வேற மாடல் இல்லியா சார் என்று கேட்டவன். அப்பேர்ப்பட்டவனை இந்தப் போர்டு நாலு மணி நேரமாகச் சுற்றவிடுகிறது. வயர்களை மாற்றிச் சொருகிப் பார்த்தாயிற்று. அப்படிச் செய்தால் வருகிற பேச்சும் வராமல் போகிறது, ஆக முதலில் சொருகியதுதான் சரி. வயர்களை லேப்டாப்போடு சேர்க்கிற அடாப்டரையும் மாற்றி வேறு போட்டாயிற்று. அந்த அடாப்டரின் போகிற வயரையும் வருகிற வயரையும் ஒன்றோடொன்று முட்டவைத்து, தட்டியது தனக்கே திரும்பி வருகிறதா என்றும் பார்த்தாயிற்று. எத்திராஜ் என்று தட்டினால் எத்திராஜ் என்று வந்தது. தன் பேச்சு தனக்கு நன்றாகவே கேட்கிறது. ஆக லேப்டாப்பில் கோளாறு இல்லை, அடாப்டரில் இல்லை, வயரில் இல்லை. அவனிடம் கோளாறு இல்லை. கோளாறு அந்தப் பக்கம். எப்போதும் அந்தப் பக்கம்தான், பெரம்பூர் வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வான், ஓசூரில் போய்க் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

ஓசூர். அந்த ஊர்ப் பெயரை நினைத்தாலே வாய் கசந்தது. மாத்திரைக் கசப்பாகவும் இருக்கலாம், காலையில் போட்டது இன்னும் நாக்கிலேயே இருக்கிறது. பெற்ற பிள்ளை, ஒரே பிள்ளை, நிர்மல், இந்த ஸ்டூலில் உட்கார வேண்டியவன், உங்க கடைல குப்பை கொட்ட முடியாதுப்பா என்று சொல்லிவிட்டு எவனோ ஒருத்தன் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் தட்டப் போனான். போ, ஆனா இந்த வாசப்படி மிதிச்சா காலை ஒடச்சிடுவேன் என்று இவனும் சொன்னான். சொன்னதுதான். கோபத்தில் ஆயிரம் சொல்லுவோம், மனுஷனாகப் பிறந்தவனுக்கு அது தெரியாதா. பிப்ரவரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், ஆஸ்பத்திரியில் மூன்று நாள், வீட்டில் ஒரு வாரம் படுக்கை. பிள்ளை வரவில்லை. அதுதான், அந்த ஒன்றுதான், இத்தனை மாதமாக இவன் கையில் இருக்கிற சரக்கு. டீக்கடையில் சொன்னான், சங்கத்தில் சொன்னான், வருகிற கஸ்டமரிடம் எல்லாம் சொன்னான், நெஞ்சுல கம்பி வெச்சுக் கிடந்தேன் சார், பெத்த புள்ள எட்டிப் பாக்கல. சொல்லும்போதெல்லாம் எதிராளி முகம் தொங்கும். அதைப் பார்க்கும்போது ஸ்டென்ட் வைத்த இடத்தில் ஒரு இதம். அதைத்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் பெண்டாட்டி இந்திராணி, முப்பது வருஷமாக எதிர்த்துப் பேசாதவள், இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே போட்டு உடைத்தாள். அவன் வந்தான்யா. நீ படுத்திருந்தப்ப வந்தான். நான் பால்வாடிலருந்து வர்றதுக்குள்ள வந்து நின்னுட்டுப் போயிட்டான். இஸ்திரி வண்டிக்காரம்மா பாத்திருக்காங்க. எனக்கே நேத்துதான் சொன்னாங்க, அவனைக் கேட்டா ஆமான்றான்.

பொய் என்றான். இஸ்திரிக்காரிக்குக் கண்ணு தெரியுமா, சட்டைல இருக்கிற சுருக்கமே அவளுக்குத் தெரியாது, புள்ளைய எங்க பாக்கறது. இந்திராணி தட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு, ஜன்னலுக்கு மேல் பச்சை விளக்கோடு தொங்கிய ரௌட்டரைக் காட்டினாள். அப்போ உன் டப்பாவையே கேளு, நீதான எவன் எப்ப வந்தான், எப்ப போனான்னு அதுல எழுதவெச்ச, அவன் போன் தெருவுல நின்னாலே அதுல மாட்டுமே. அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. பையன் ஸ்கூல் படிக்கும்போது ராவெல்லாம் போனை நோண்டுகிறான் என்று, அந்தப் போன் எப்போது உள்ளே வருகிறது, எப்போது வெளியே போகிறது என்று டப்பாவுக்குள்ளேயே பதிந்துவைக்கிற ஏற்பாட்டை இவன்தான் செய்தான். கரண்டு போனாலும் அழியாத சிப்பில், ராப்பகலாக உட்கார்ந்து. பிள்ளையின் போனுக்கு அதில் திருடன் என்று பேரும் வைத்தான், இங்கிலீஷ் எழுத்தில். பையன் போன பிறகும் டப்பா தன் வேலையை நிறுத்தவில்லை. கேளு என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் இவன் எழுந்து அதைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருந்தான். ஏன் அடித்தான், அவள் விரல் நீட்டிப் பேசியதற்கு அடித்தான், வேறெதற்கு. டப்பா பதில் சொல்லிவிடும் என்று பயந்தா அடித்தான். இந்த எத்திராஜ் ஒரு டப்பாவுக்கா பயப்படுவான். அன்று சாயந்திரமே அவள் இரண்டு பை எடுத்துக்கொண்டு ஓசூர் பஸ் ஏறிவிட்டாள்.

படியில் செருப்புச் சத்தம். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே தாடி தெரிந்தது, பிறகு குனிந்த தலை. எதிர்க்கடை நிஜாமுதீன், கேபிள் வியாபாரம், கையில் இரண்டு டீ. "என்ன எத்திராஜு, ஞாயித்துக்கிழமை கூடவா? வூட்ல சோறு போடலியா?" "வூட்ல ஆளே இல்ல பாய், சோறு எங்கருந்து வரும்." நிஜாமுதீன் டீயை வைத்துவிட்டுப் போர்டை எட்டிப் பார்த்தார். "ஒரு ரௌட்டருக்கா இவ்ளோ நேரம்? கீழ பிளாட்பாரத்துல நூறு ரூபான்றான். நீ போய்க் கேட்டா அறுபதுக்கே குடுத்துட்டு ஓடிடுவான்." "இது எங்க வூட்டு ரௌட்டர்." "அப்ப நாப்பது." எத்திராஜ் சிரிக்கவில்லை. நிஜாமுதீன் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "தங்கச்சி இந்திராணிகிட்ட பேசுனியா?" "பேசிட்டேன். பேரம் முடிச்சாச்சு. அவன் வந்திருக்கான்னு இதுல இருந்தா நானே ஓசூர் போயி, நான் சொன்னது தப்புன்னு சொல்லி, ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரணும். இல்லன்னா அவளா வாயப் பொத்திக்கினு வந்துடணும். இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும்தான் டைமு. நாளைக்கு அங்கயே ஒரு பால்வாடில வேலைக்கு சேரப் போறாளாம். சேந்துட்டா அப்பறம் வரமாட்டாளாம்." "சரி, வந்திருந்தா?" "வரல." "வந்திருந்தான்னு வெச்சுக்க." "வரலன்றேன்ல பாய்." நிஜாமுதீன் டீயை ஊதினார். "அவன் எப்படிய்யா மேல வருவான். நீ ஆஸ்பத்திரிலருந்து வந்த அன்னிக்கு, புதங்கிழமை, எனக்குப் போன் பண்ணி, எனக்குப் புள்ளையே இல்ல பாய், அவன் செத்துட்டான்னு வெச்சுக்கங்கன்னு கத்துன. நான் போனைக் காதுலருந்து ஒரு மொழம் தள்ளிப் புடிச்சிருந்தேன், அப்பயும் என் கடைல இருந்த கஸ்டமர் யாருங்க செத்துட்டாங்கன்னு கேட்டான்." "வலி பாய். வலியில கத்துனேன்." "ஆமா ஆமா, வலிதான்" என்று எழுந்தார். "டீயக் குடி, ஆறிடப் போவுது. மாத்திரை போட்டியா?" போட்டேன் என்றான். கிளாசை எடுத்துக்கொண்டு தாடி குனிந்து வெளியேறியது.

மூணு, ரெண்டு, ஒண்ணு. வலிதான். புதன்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து படுத்தபோது ஜன்னல் திறந்திருந்தது, காற்று வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஓய்வும் வேண்டும் என்றார், அந்த ஓய்வு எவன் கொடுத்தான். படுத்து அரை மணி ஆகவில்லை, கீழே கேட்டில் பெல், தண்ணி கேன். அதன் பிறகு பெல், தண்ணி சுத்தப்படுத்துற மெஷின் வேணுமா சார். அதன் பிறகு கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ். நெஞ்சுக்குள் கம்பி வைத்துப் படுத்திருக்கிற மனுஷனின் தலைமாட்டில் அந்தச் சனியன் குருவிபோல் கத்துகிறது. எழுந்தான், ஸ்டென்ட் ஏற்றிய இடத்தில் கட்டுப் போட்ட மணிக்கட்டோடு ஸ்டூல் போட்டு ஏறி ஒரே கத்தரிப்பு, வயரை வெட்டிப் பெல்லைக் கழற்றினான், கடைக்குத் திரும்பிய அன்று கையோடு எடுத்துவந்தான். இதோ இந்த டிராயரில்தான் கிடக்கிறது, வெள்ளைப் பிளாஸ்டிக், காலையில் வயர் தேடும்போதுகூடக் கையில் தட்டியது. கேட்டில் சுவிட்ச் மட்டும் இருக்கிறது, எவன் வேண்டுமானாலும் அமுக்கிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகுதான் நாலு மணிவரை கொஞ்சம் தூக்கமே வந்தது. நெற்றியில் வேர்வை. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பின் எதற்கு வேர்க்கிறது. இடது தோளில் ஒரு இழுப்பு. இல்லை, நாலு மணி நேரமாகக் குனிந்திருக்கிற இழுப்பு அது. இங்கேயே விழுந்தால் யாருக்குத் தெரியும், நாளைக்குக் காலை நிஜாம் பாய் வந்து ஷட்டரைத் தூக்கினால்தான் உண்டு. அதுவரை இந்தத் திரை எண்ணிக்கொண்டே இருக்கும், மூணு, ரெண்டு, ஒண்ணு, தட்டு, தட்டு என்று, விடிய விடிய. சிப்பைப் பெயர்த்தெடுத்துத் தனியாகப் படித்துவிடலாம். வேறு எவனுடைய போர்டாக இருந்தாலும் பத்தே நிமிஷத்தில் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் சூடு ஒரு கணம் கூடினால் உள்ளே எழுதியிருப்பது போய்விடும். போனால் போகட்டும் என்று சொல்ல வரவில்லை. ஏன் வரவில்லை என்றும் தெரியவில்லை.

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நெற்றியில் மாட்டும் லென்ஸை இறக்கினான். மூன்றாவது வயரைச் சொருகியிருந்த துளையிலிருந்து கிளம்பினான். அங்கிருந்து மயிரிழைபோல் ஒரு செம்புக் கோடு, பச்சைக்குள் பச்சையாக, பெரிய சிப்பை நோக்கிப் போகிறது. மீட்டரின் ஒரு முனையைத் துளையில் வைத்து மறுமுனையைக் கோட்டின் மேலேயே நகர்த்தினான். பீப். இன்னும் கொஞ்சம், பீப். இன்னும் கொஞ்சம், சத்தமில்லை. திரும்பி வந்தான், பீப். அந்த இடத்தில் லென்ஸை நெருக்கினான். கடுகுக்கும் சின்னதாக இரண்டு வெள்ளிப் புள்ளிகள், நடுவில் ஒன்றுமில்லை. ஒரு ரெசிஸ்டர் உட்கார வேண்டிய இடம். அது இருந்தால்தான் கோடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். இல்லையென்றால் போர்டு பேசும், கேட்காது. அடப்பாவி. கம்பெனிக்காரன் வைக்காமல் விட்டானா என்று பார்த்தால் இல்லை, வைத்திருக்கிறான், அதை எவனோ பிடுங்கியிருக்கிறான். பிடுங்கிய லட்சணத்தைப் பார். அயனைக் கொண்டுபோய் அழுத்தி, பச்சைப் பூச்சு கருகி, பக்கத்தில் இருந்த இன்னொரு பாகத்தின் மூலையையும் பொசுக்கி, ஏதோ வஞ்சம் தீர்த்ததுபோல் பிடுங்கியிருக்கிறான் நாய். இந்த மாதிரிக் கைக்கு அயன் கொடுத்தவன் எவன். துடைக்கவாவது செய்தானா, ஈயம் ஒட்டுவதற்குத் தொடுகிற ரோசின் மஞ்சளாக அப்படியே காய்ந்து உறைந்து கிடக்கிறது, பேஸ்ட் வாங்க வக்கில்லாமல் கட்டி ரோசினை வைத்து வேலை பார்க்கிற கஞ்சப் பயல். கட்டி ரோசின். லென்ஸுக்கு வெளியே, மேசைமேல், அயனுக்குப் பக்கத்தில், பிஸ்கட் டப்பா மூடியில் கட்டி ரோசின் இருந்தது. இந்தத் தெருவில் இன்னும் அதை வைத்து வேலை பார்க்கிறவன் ஒரே ஒருத்தன்தான்.

பையனுக்கு அப்போது பதினைந்து. ஒரு நாள் மத்தியானம் இவன் சீக்கிரம் வீட்டுக்குப் போக, டைனிங் டேபிளில் ரௌட்டரைத் திறந்துபோட்டு, இதே நான்கு துளையில் மூன்று வயர் சொருகி, உள்ளே புகுந்து, ராத்திரி நெட் வராமலிருக்க இவன் போட்ட தடைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான் நிர்மல். எவன் சொல்லிக்கொடுத்தான் என்றான். யாரும் சொல்லித்தரலப்பா, நானாத்தான் கண்டுபுடிச்சேன் என்றான் பையன், முகமெல்லாம் பல்லாக. அப்பா தட்டிக்கொடுப்பார் என்று நினைத்திருப்பான். நானாத்தான் என்று இவன் எத்தனை பேரிடம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லியிருப்பான், அதே சொல், அதே நிமிர்வு. பையிலிருந்து அயனை எடுத்துச் சொருகினான், அது சூடேறும்வரை நின்றான், பையன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கடுகைப் பிடுங்கி ஜன்னல் வழியாகச் சுண்டினான். இனிமே எவன் கத்துனாலும் இதுக்குக் கேக்காது, போ. பையன் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே வைத்திருந்தான். இதைச் சுத்தமாக மறந்திருக்கிறான். முந்நூறு ரூபாய் சரக்கை முப்பது வருஷத்துக்கு முன்னால் எவனிடம் எவ்வளவு குறைத்து வாங்கினான் என்பது நினைவிருக்கிறது, இது இல்லை. நாலு மணி நேரமாக வயரைத் திட்டினான், அடாப்டரைத் திட்டினான், கண்ணுக்குத் தெரியாத எவனையோ நாய் என்றான்.

அந்த இரண்டு புள்ளியைச் சேர்க்க ரெசிஸ்டர்கூட வேண்டாம், ஒரு துளி ஈயம் போதும். மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டான். ரோசின் புகை மூக்கில் ஏறியது. புள்ளியும் புள்ளியும் ஒட்டி ஒரே மினுக்கு. சுவிட்சைப் போட்டான். எழுத்துகள் இறங்கின. மூணு. இந்த முறை அடிக்கவில்லை, விரலை வைத்தான், அவ்வளவுதான். நின்றது. ஓட்டம் அப்படியே நின்று, ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு, என்ன வேண்டும் என்று காத்திருந்தது. சிப்பின் எந்த இடத்தில் அந்தப் பதிவை வைத்தான் என்பது விரலுக்குத் தெரிந்திருந்தது. தட்டினான். கக்க ஆரம்பித்தது. இடதுபக்கம் வரிவரியாக எண்கள், வலதுபக்கம் அந்த எண்களின் எழுத்து. இந்திராணியின் போன் உள்ளே, வெளியே. இவன் போன் உள்ளே. ஜனவரி ஓடியது. பிப்ரவரி. ஆஸ்பத்திரி நாள்கள் மூன்றும் ஒருவரும் இல்லாமல் வெறுமையாகப் போயின. இல்லை, வரவில்லை, நான் சொன்னேன் அல்லவா, என்று வாய் திறந்தபோது அந்த வரி ஏறி வந்தது. திருடன் உள்ளே, புதன், 4.07. திருடன் வெளியே, 4.46. தெருவில், இஸ்திரி வண்டிப் பக்கத்தில், முப்பத்தொன்பது நிமிஷம். 4.07க்கு இவன் ஜன்னலோரம் படுத்துக்கொண்டு நிஜாமுதீனிடம் எனக்குப் புள்ளையே இல்ல என்று கத்திக்கொண்டிருந்தான். சரி, ஒரு நாள், ஒரு நாள் வந்து நின்றால் அது வந்ததாகுமா என்று பேரத்தை அடுத்த படிக்கு இறக்கும்போதே, திருடன் உள்ளே, வியாழன், 4.02. வெளியே, 4.40. திருடன் உள்ளே, வெள்ளி, 4.05. வெளியே, 4.57. இந்திராணி ஐந்து மணிக்கு வருவாள். அதன் பிறகு திருடன் இல்லை. மார்ச் இல்லை, ஏப்ரல் இல்லை, சுவரில் அடித்த நாள்வரை இல்லை.

யாருக்குத் தெரியும். இந்த அறையில் இவனும் போர்டும்தான். ஒரே ஒரு வரி தட்டினால் சிப் முழுக்க வெள்ளையாகிவிடும். வரல, நான்தான் சொன்னேனே என்று சொல்லலாம். இல்லையென்றால், சிப்பு போச்சுடி, படிக்க முடியல, ரெண்டு பேர் சொன்னதும் இருக்கட்டும், பாதிக்குப் பாதி முடிச்சுக்கலாம் என்று சொல்லலாம். அழிக்கிற வரியைத் தட்டியும்விட்டான். கடைசிப் பட்டன் பாக்கி. விரல் அதன்மேல் நின்றது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை ஏய்த்திருக்கிறான், செத்ததை உயிரென்று விற்றிருக்கிறான், ஆனால் பேசி முடித்த பேரத்திலிருந்து ஒரு நாளும் பின்வாங்கியதில்லை. அந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லித்தான் தெருவில் நிமிர்ந்து நடப்பது. வந்திருந்தா நான் வர்றேன் என்று சொன்ன வாய் இவன் வாய். தூ, என்று தன்னையே காறித் துப்பியதுபோல் ஒரு சத்தம் தொண்டையில் எழுந்தது. தட்டிய வரியை எழுத்தெழுத்தாகத் திரும்ப அழித்துவிட்டுப் போனை எடுத்தான். இந்திராணி நம்பர். நான்காவது மணியில் எடுத்தார்கள். அவள் இல்லை.

"அம்மா கடைக்குப் போயிருக்காங்க" என்றது குரல். பிறகு பேரைப் பார்த்திருக்க வேண்டும், சின்ன இடைவெளி. "அப்பா?" பின்னால் எங்கோ குக்கர் சத்தம் போட்டு அடங்கியது. பையன் காத்திருந்தான். சொல்ல வேண்டியது என்னவென்று எத்திராஜுக்குத் தெரியும், பேரத்திலேயே இருக்கிறது, நான் சொன்னது தப்பு, மூன்று சொல், மூன்று விநாடி. வாயைத் திறந்தான், வந்தது வேறு. "மூணு நாளு வந்து நின்னிருக்க. மொத நாளு முப்பத்தொம்பது நிமிஷம். அவ்ளோ நேரம் மரம் மாதிரி தெருவுல நிக்கத் தெரிஞ்சவனுக்கு, பெல்லு அமுக்கத் தெரியலியா? கை ஒடிஞ்சா போச்சு?"

பையன் கோபித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தான். கோபித்துக்கொண்டால் பதிலுக்குக் கத்தலாம், கத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

"அமுக்குனேன்பா" என்றான் நிர்மல். கோபமே இல்லை, யாருக்கோ எப்போதோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னான். "மூணு நாளும் அமுக்குனேன். ரொம்ப நேரம் அமுக்குனேன். நீ மேல பேசிட்டிருந்தது எனக்குக் கேட்டுச்சு. சரி, நான்னு தெரிஞ்சுதான் எறங்கி வரலன்னு நெனச்சேன்."

டிராயர் காலையில் திறந்தது திறந்தபடி இருந்தது. அதற்குள் வெள்ளைப் பிளாஸ்டிக்கும், வெட்டிய இடத்தில் செம்பு தெரிய இரண்டு வயரும். அதைச் சொல்ல வேண்டும். சொல்ல ஒரு வாக்கியம்கூட வேண்டாம், பாதி போதும். தொண்டையில் எங்கேயோ கோடு அறுந்திருந்தது.

"அப்பா, லைன்ல இருக்கியா?"

மூணு, என்று எண்ணத் தொடங்கியது அவனுக்குள்.